பாதுகாப்பு, வணிகத் துறைகள்: அமைச்சர் பதில் மறுத்தால் அவை என்ன செய்ய வேண்டும்?

சுவடி எழுதியது:

நாடாளுமன்றத்தில் பாதுகாப்புத் துறையிடமும் வணிகத் துறையிடமும் உறுப்பினர்கள் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கு வரும் பதில்களையும் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து படித்து வருகிறேன். பிற துறைகளில் அவ்வளவாகக் காணாத ஒரு வகைப் பதில் இவ்விரண்டிலும் திரும்பத் திரும்ப வருகிறது. பாதுகாப்புத் துறை, நாட்டின் பாதுகாப்பு நலன் கருதி விவரங்களை வெளியிட இயலாது என்கிறது. வணிகத் துறை, பேச்சுவார்த்தை நடைபெற்று வருகிறது, தொடர்புடைய தரப்பினரிடம் கருத்துக் கேட்கப்பட்டு வருகிறது என்கிறது. கேட்டவர் எந்தப் புள்ளியைக் கேட்டாரோ அது இரண்டு பதில்களிலும் இருப்பதில்லை.

மறைக்க வேண்டியவை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. மறுப்பும் ஒரு பதில்தான் என்பதால், எந்த அடிப்படையில் மறுக்கப்படுகிறது, எப்போது வரை மறுக்கப்படும் என்பதை அவையில் சொல்லும் கடமை அமைச்சருக்கு இருக்க வேண்டும் என்பதே என் நிலை.

ஏன் இதை வலியுறுத்துகிறேன் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பிரான்சிடமிருந்து 36 ரஃபேல் போர் விமானங்களை வாங்கும் ஒப்பந்தம் 2016 செப்டம்பர் 23 அன்று கையெழுத்தானது. அதே ஆண்டு நவம்பரில், பாதுகாப்புத் துறை இணை அமைச்சர் சுபாஷ் பாம்ரே மக்களவையில் அளித்த எழுத்துமூலப் பதிலில், ஒரு விமானத்தின் விலை ஏறத்தாழ 670 கோடி ரூபாய் என்று தெரிவித்தார். துணைக் கருவிகள், ஆயுதங்கள், இந்தியாவுக்கென்று செய்யப்படும் மாற்றங்கள், பராமரிப்பு ஆகியவை நீங்கலான விலை அது என்று அரசு பின்னர் விளக்கியது. 2018 பிப்ரவரியில் விலை விவரம் மீண்டும் கேட்கப்பட்டபோது, ரஃபேல் ஒப்பந்தத்தின் 10-ஆம் பிரிவையும், அது சுட்டும், பிரான்சுடன் 2008-இல் செய்துகொண்ட பாதுகாப்பு உடன்பாட்டையும் காட்டி, விவரம் தர இயலாது என்று பதில் வந்தது. 2008-ஆம் ஆண்டின் உடன்பாடு 2016-இலும் நடைமுறையில்தான் இருந்தது. அப்படியானால் இடையில் மாறியது என்ன? இந்தக் கேள்விக்கு அமைச்சகத்தின் பதிலிலேயே விடை இருந்திருக்க வேண்டும். எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இதையே கேட்பேன்.

கலங்கரை எழுதியது:

சுவடி அவர்கள் எடுத்துக்காட்டைத் தெளிவாகவே வைத்திருக்கிறார். ஆனால் அதே எடுத்துக்காட்டு என் தரப்பையும் தாங்கும் என்று நினைக்கிறேன். படைக்கான கொள்முதல் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

2016-இல் சொல்லப்பட்டது வெற்று விமானத்தின் விலை. 2018-இல் கேட்கப்பட்டது அனைத்தும் சேர்ந்த விலையும் அதன் பகுப்பும். வெற்று விமானத்தின் விலை ஏற்கெனவே வெளியே இருக்கும்போது, ஆயுதங்களுக்கு இவ்வளவு, நமக்கென்று செய்த மாற்றங்களுக்கு இவ்வளவு என்று பிரித்துச் சொன்னால், அந்தத் தொகைகளைக் கொண்டே என்ன வகைக் கருவிகள் பொருத்தப்பட்டிருக்கின்றன என்பதைத் துறை அறிந்த ஒருவர் ஊகித்துவிடுவார். ஒரு புள்ளி தனியாக இருக்கும்போது தீங்கற்றதாகவும் மற்றொன்றோடு சேரும்போது தீங்கானதாகவும் ஆகலாம். இரண்டு பதில்களுக்கும் இடையே முரண் இருப்பதாகத் தோன்றுவது இதனால்தான்.

இரண்டாவதாக, கேள்வி கேட்பவர் எப்போதும் மக்களுக்காக மட்டுமே கேட்கிறார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. 1951-இல் எச். ஜி. முட்கல் என்ற உறுப்பினர், பம்பாயின் தங்கம் வெள்ளி வணிகர் சங்கம் ஒன்றிடம் பணம் பெற்றுக்கொண்டு அதன் நலனுக்காகக் கேள்விகள் எழுப்பினார் என்று கண்டறியப்பட்டுப் பதவியை இழந்தார். 2005 டிசம்பரில், கேள்வி கேட்கப் பணம் பெற்றது தொடர்பான விவகாரத்தில் 11 உறுப்பினர்கள் இரு அவைகளிலிருந்தும் நீக்கப்பட்டார்கள். ஆயுத விற்பனையில் ஈடுபடும் நிறுவனங்களுக்குப் போட்டி நிறுவனத்தின் விலையை விட மதிப்புள்ள செய்தி வேறில்லை. அந்தச் செய்தியை அவையின் மேசை வழியாகவே வெளிக்கொண்டுவர முடியும் என்றால், முயல்பவர்கள் இருக்கவே செய்வார்கள்.

ஆகவே இத்தகைய விவரங்களுக்குரிய இடம் கேள்வி நேரமன்று. அரசின் செலவுகளை ஆராயும் பொதுக் கணக்குக் குழு நாடாளுமன்றத்தில் இருக்கிறது, பாதுகாப்புக்கான நிலைக்குழு இருக்கிறது. அங்கே கதவை மூடிக்கொண்டு எல்லாக் கட்சியினரும் கேட்கலாம்.

சுவடி எழுதியது:

கழித்தல் கணக்கைப் பற்றிக் கலங்கரை ஐயா சொன்னது கொள்கையளவில் சரியே. ஆனால் இந்த நேர்வில் அது பொருந்தவில்லை. ஒப்பந்தத்தின் மொத்த மதிப்பு சுமார் 7.87 பில்லியன் யூரோ என்பது கையெழுத்தான நாளிலிருந்தே எல்லா நாளிதழ்களிலும் இடம்பெற்றது. மொத்தமும் வெளியே இருக்கிறது, வெற்று விமானத்தின் விலையும் வெளியே இருக்கிறது. கழித்துப் பார்க்க விரும்பும் பகைநாடு நம் அமைச்சரின் பதிலுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. விவரம் மறுக்கப்பட்டது உண்மையில் நம் உறுப்பினர்களுக்கு மட்டுமே.

குழுவைப் பற்றி. மக்களவை விதி 270 குழுக்களுக்கு ஆவணங்களையும் சாட்சிகளையும் வரவழைக்கும் அதிகாரம் தருகிறது. அதே விதி, ஓர் ஆவணத்தை வெளியிடுவது நாட்டின் பாதுகாப்புக்கோ நலனுக்கோ ஊறு விளைவிக்கும் என்று அரசு கருதினால் அதைத் தர மறுக்கலாம் என்றும் சொல்கிறது. அதாவது, மூடிய கதவுக்குள்ளும் அதே சுவர் எழுகிறது. 2019 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கையில் ரஃபேல் ஒப்பந்தம் முந்தைய விலைப்புள்ளியோடு ஒப்பிடுகையில் 2.86 விழுக்காடு குறைவு என்ற முடிவு இருந்தது. அந்த முடிவுக்கு அடிப்படையான தொகைகள் மறைக்கப்பட்டிருந்தன. விடை தாளில் இருந்தது, கணக்கு இல்லை. அதைச் சரிபார்க்கும் வழி உறுப்பினர்களுக்கு எங்கே இருக்கிறது?

பணம் பெற்றுக் கேள்வி கேட்டவர்களை அவையே கண்டறிந்து நீக்கியது. குற்றத்துக்குரிய தண்டனை அது. அதைக் காரணமாக்கிப் பிற உறுப்பினர்களின் உரிமையைச் சுருக்குவது முறையாகாது.

நூற்பாவை எழுதியது:

விவாதம் முழுவதும் விமானத்தைச் சுற்றியே நடக்கிறது. வணிகத் துறையைப் பற்றிச் சிறிது சொல்ல விரும்புகிறேன். நான் நூலும் துணியும் ஏற்றுமதி செய்யும் சிறு நிறுவனம் ஒன்றை நடத்துகிறேன்.

மண்டல அளவிலான விரிவான பொருளாதாரக் கூட்டாண்மை என்ற ஒப்பந்தத்துக்கான பேச்சு 2012 இறுதியில் தொடங்கப்பட்டது. ஆசியான் என்ற தென்கிழக்காசியக் கூட்டமைப்பின் அப்போதைய பத்து நாடுகளும், சீனா, ஜப்பான், தென் கொரியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தியா ஆகியவையும் அதில் இருந்தன. 2019 நவம்பர் 4 அன்று பாங்காக்கில், இந்தியா இதில் சேரவில்லை என்று அறிவிக்கப்பட்டது. இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் எத்தனையோ உறுப்பினர்கள் இதைப் பற்றிக் கேள்வி எழுப்பினார்கள். எந்தப் பொருளுக்கு எவ்வளவு வரியைக் குறைக்க முன்வந்திருக்கிறோம் என்பது எங்களைப் போன்றவர்களுக்குத் தெரிந்ததேயில்லை. சேர்வோமா மாட்டோமா என்று தெரியாமல் புதிய தறிகளுக்கு முதலீடு செய்வதா வேண்டாமா என்று ஒவ்வோர் ஆண்டும் தள்ளிப்போட்டோம். இதனால் ஏற்பட்ட இழப்பு எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது.

பேரம் பேசும்போது கையிலிருப்பதைக் காட்டக் கூடாது என்பது வணிகம் செய்யும் எனக்கும் தெரியும். நாங்கள் கேட்பது எங்கள் பொருள் அந்தப் பட்டியலில் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டுமே. எதிர்த்தரப்பு நாட்டின் அதிகாரிக்குத் தெரிந்த ஒன்று, அந்தப் பொருளைச் செய்கிற எங்களுக்குத் தெரியக் கூடாது என்பதன் நியாயம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பரிதி எழுதியது:

நூற்பாவை அம்மாவின் இடர்ப்பாடு உண்மையானது. ஆனாலும் நான் அமைச்சரின் பக்கம்தான் நிற்கிறேன்.

எதிர்த்தரப்பின் அதிகாரிக்குத் தெரிவது ஒரு கட்டத்தில் நாம் முன்வைத்த பட்டியல் மட்டுமே. எதுவரை இறங்குவோம் என்பது அவருக்குத் தெரியாது. அவையில் ஒரு பொருளின் பெயரைச் சொல்லி, இது பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டு, ஆம் அல்லது இல்லை என்று பதில் வாங்கிவிட்டால், மறுநாள் அந்தத் தொழிலின் சங்கங்கள் கிளம்பும். அமைச்சர் ஓர் உறுதி தர வேண்டிவரும். அந்த உறுதி பேச்சுவார்த்தை மேசையில் நம் பிரதிநிதியின் கையைக் கட்டிவிடும். பதினாறு நாடுகள் பேசும் இடத்தில் ஒரு பொருளை விட்டுக்கொடுத்து மற்றொன்றைப் பெறுவதுதான் முறை. ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக அவையில் உறுதி கொடுத்துவிட்டுப் போகிறவர் எதைப் பெற்றுவர முடியும்?

மேலும், நம் அரசமைப்பில் உடன்படிக்கை செய்வது நிருவாகத்தின் அதிகாரம். அதை நடைமுறைப்படுத்தச் சட்டம் தேவைப்பட்டால் 253-ஆம் பிரிவின்படி நாடாளுமன்றம் சட்டம் இயற்றும். ஒப்பந்தத்துக்கு அவையின் முன் ஒப்புதல் வேண்டும் என்ற விதி இங்கே கிடையாது.

சுவடி எழுதியது:

பரிதி அவர்கள் கடைசியாகச் சொன்னதுதான் என் தரப்பின் மிக வலுவான காரணம். பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உறுதியேற்புத் தேவைப்படும் உடன்படிக்கைகளைப் பொதுவாக 21 அமர்வு நாள்களுக்கு நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும். இங்கே அப்படி எதுவும் இல்லை. ஒப்பந்தத்தைப் பற்றி வாக்களிக்கும் வாய்ப்பே இல்லாத அவைக்குக் கேள்வி ஒன்றுதான் கருவி. அந்தக் கருவியும் மழுங்கிவிட்டால், 75-ஆம் பிரிவு சொல்லும் கூட்டுப் பொறுப்பு இந்தத் துறையில் எந்த வழியாக நிறைவேறும்?

கை கட்டப்படும் என்ற அச்சம் எல்லா நேரத்திலும் உண்மையாவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் அமெரிக்காவுடன் பேசிக்கொண்டிருந்த ஒப்பந்தத்துக்கான தன் முன்மொழிவுகள் பலவற்றை 2015 ஜனவரி முதல் தானே வெளியிட்டது. நம் நாட்டிலும் பால்பொருள் துறையைத் திறந்துவிட மாட்டோம் என்று அமைச்சர்கள் வெளிப்படையாகப் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் 2022-இல் ஆஸ்திரேலியாவுடன் ஒப்பந்தம் பால்பொருள்கள் நீங்கலாகக் கையெழுத்தானது. என் நாட்டு அவை இதை ஏற்காது என்று சொல்ல முடிவது பேரத்தில் ஒரு வலிமையும் ஆகும்.

மேசைக்குறிப்பு எழுதியது:

அமைச்சகம் ஒன்றில் நாடாளுமன்றக் கேள்விகளுக்கு வரைவுப் பதில் எழுதும் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். எந்த அமைச்சகம் என்பது இங்கே தேவையில்லை. இரு தரப்பிலும் பேசுகிறவர்கள், பதில் எப்படி உருவாகிறது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் விவாதம் இன்னும் கூர்மையாகும் என்று நினைத்து எழுதுகிறேன்.

கேள்விக்கான அறிவிப்பைப் பதினைந்து முழு நாள்களுக்கு முன்பே தர வேண்டும். எந்தக் கேள்விகள் பட்டியலில் வரும் என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது. மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20, குறியிடாதவை 230. குறியிட்ட கேள்விக்குத்தான் அமைச்சர் எழுந்து நின்று துணைக் கேள்விகளைச் சந்திக்க வேண்டும். அந்த இருபதும் ஒரு மணி நேரத்துக்குள் எடுக்கப்படுவது மிக அரிது. 2019 நவம்பர் 27 அன்று இருபதும் எடுத்துக்கொள்ளப்பட்டபோது அது 1972-க்குப் பிறகு முதல்முறை என்று செய்தியானது. எஞ்சியவை எல்லாம் தாளோடு முடிந்துவிடும். ஒவ்வோர் அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள்தான் முறை வரும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பாதுகாப்பு அமைச்சரை ஓர் உறுப்பினர் நேருக்கு நேர் கேட்கும் வாய்ப்பு எவ்வளவு குறுகியது என்பது விளங்கும்.

வரைவு எழுதுகிறவர் பொய் எழுதுவதில்லை. பொய் எழுதினால் உரிமை மீறல் வரும் என்பது அவருக்குத் தெரியும். அவர் செய்வது வேறு. கேள்வி (அ), (ஆ), (இ), (ஈ) என்று நான்கு பகுதிகளாக வரும். முதல் பகுதி எளிது, மூன்றாவது பகுதி கடினம் என்றால், ‘(அ) முதல் (ஈ) வரை’ என்று தலைப்பிட்டு மொத்தத்துக்கும் ஒரே பத்தியாகப் பதில் எழுதுவார். அந்தப் பத்தியில் உள்ள ஒவ்வொரு வாக்கியமும் உண்மையாக இருக்கும். (இ)-க்குரிய விடை மட்டும் இருக்காது. தாளை விரைந்து படிப்பவருக்கு எல்லாவற்றுக்கும் பதில் வந்துவிட்டதாகவே தோன்றும். பாதுகாப்புக் காரணத்தை விட இந்த இணைப்பு முறையால்தான் கேள்விகள் அதிகம் தப்பவிடப்படுகின்றன என்பது என் பட்டறிவு.

மற்றொரு வழி, ‘தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையின் மேசையில் வைக்கப்படும்’ என்று எழுதுவது. இது அரசின் உறுதிமொழியாகக் கொள்ளப்படும். 1953 முதல் மக்களவையில் இதற்கென்றே அரசின் உறுதிமொழிகள் குழு இயங்குகிறது. மூன்று மாதங்களுக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது முறை. நிறைவேற்ற இயலாவிட்டால் காலநீட்டிப்புக் கேட்கலாம், உறுதிமொழியைக் கைவிட இசைவு தரும்படியும் கேட்கலாம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ‘தகவல் திரட்டப்படுகிறது’ என்ற பதிலைத் துரத்த ஒரு குழு இருக்கிறது. ‘வெளியிட இயலாது’ என்ற பதிலைத் துரத்த எவரும் இல்லை. அது சொல்லப்பட்ட அன்றே முடிந்துவிடுகிறது.

கலங்கரை எழுதியது:

மேசைக்குறிப்பு அம்மாவின் விளக்கத்துக்கு நன்றி. பகுதிகளை இணைத்துப் பதில் எழுதும் முறையை நானும் ஆதரிக்கவில்லை.

ஆனால் வெளிப்படையாகச் சொல்வது எப்போதும் நன்மையே தரும் என்ற நினைப்பை 1959 மறுக்கிறது. அக்சாய் சின் வழியாகச் சீனா அமைத்த சாலையைப் பற்றி நேரு அந்த ஆண்டு ஆகஸ்டில் மக்களவையில் தெரிவித்தார். செப்டம்பரில் இரு நாட்டுக் கடிதங்களும் வெள்ளை அறிக்கையாக வெளிவந்தன. அதன் பிறகு நாடு முழுவதும் எழுந்த உணர்ச்சி, எல்லையைப் பற்றிப் பேசித் தீர்க்க அரசுக்கு இருந்த இடத்தைப் பெரிதும் சுருக்கிவிட்டது. 1962 போரையொட்டி நவம்பர் இறுதியிலிருந்து டிசம்பர் 11 வரை கேள்வி நேரமே நிறுத்திவைக்கப்பட்டது. போர்க்காலத்தில் படையின் நிலையைப் பற்றி அவையில் கேட்பதும் சொல்வதும் எவ்வளவு இடர் நிறைந்தவை என்பதை அன்றைய எதிர்க்கட்சியினரும் உணர்ந்திருந்தார்கள்.

சுவடி எழுதியது:

அந்தச் சாலையின் பணி நிறைவடைந்ததாகச் சீனா 1957-இலேயே அறிவித்திருந்தது. அரசு அவைக்குச் சொன்னது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்து. உணர்ச்சி பொங்கியதற்குச் செய்தி ஒரு காரணம், அது இவ்வளவு காலம் மறைக்கப்பட்டது மற்றொரு காரணம். படிப்படியாகச் சொல்லியிருந்தால் நேருவுக்குப் பேச்சுக்கான இடம் மிஞ்சியிருக்கும் என்றே நான் கருதுகிறேன். இதை உறுதியாக நிறுவ முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐயாவின் முடிவையும் அப்படி நிறுவ முடியாது.

பாதுகாப்பும் வணிகமும் ஒன்றாகச் சந்திக்கும் இடத்துக்கு, அதாவது ஆயுத ஏற்றுமதிக்கு வருவோம். இதில் நமக்கு முன்னே சென்றவர்களின் பட்டறிவு இருக்கிறது. ஈரான் ஈராக் போரின்போது, இரு நாடுகளுக்கும் எந்த வகைக் கருவிகளை விற்கலாம் என்ற வழிகாட்டு நெறிகளைப் பிரிட்டன் அரசு 1985-இல் நாடாளுமன்றத்தில் அறிவித்தது. போர் ஓய்ந்த பின் 1988 இறுதியில், வெளியுறவு, வணிகம், பாதுகாப்பு ஆகிய மூன்று துறைகளின் இணை அமைச்சர்கள் அந்த நெறிகளைத் தளர்த்தினார்கள். அவைக்குச் சொல்லவில்லை. உறுப்பினர்கள் கேட்டபோதும் கொள்கை மாறவில்லை என்றே பதில் போனது. மேட்ரிக்ஸ் சர்ச்சில் என்ற நிறுவனத்தின் நிருவாகிகள் ஈராக்குக்கு இயந்திரங்கள் விற்றதற்காக வழக்கில் நிறுத்தப்பட்டார்கள். அரசுக்கு எல்லாம் தெரியும் என்பது நீதிமன்றத்தில் வெளிப்பட்டதால் 1992-இல் அந்த வழக்கு சரிந்தது. நீதிபதி ஸ்காட்டின் விசாரணை அறிக்கை 1996 பிப்ரவரியில் வந்தது. அதன் மீதான வாக்கெடுப்பில் அரசு 320-க்கு 319 என்று ஒரே வாக்கில் தப்பியது. மறு ஆண்டு மார்ச்சில், அமைச்சர்கள் நாடாளுமன்றத்துக்குத் துல்லியமான உண்மையான தகவலையே தர வேண்டும் என்ற தீர்மானத்தை இரு அவைகளும் நிறைவேற்றின. ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கு 2002-இல் புதிய சட்டமே வந்தது.

ஜெர்மனியில் இன்னும் தெளிவான கோடு கிழிக்கப்பட்டது. 2014 அக்டோபர் 21 அன்று அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம், ஓர் ஆயுத ஏற்றுமதிக்கு அரசு இசைவு அளித்துவிட்டால், எந்த நாட்டுக்கு, எந்த வகை ஆயுதம், எவ்வளவு என்பதை உறுப்பினர் கேட்டால் சொல்ல வேண்டும் என்றும், இசைவுக்கு முன் அமைச்சர்கள் தமக்குள் நடத்திய கலந்தாய்வைச் சொல்லத் தேவையில்லை என்றும் தீர்ப்பளித்தது. முடிவு வெளியே, கலந்தாய்வு உள்ளே. நான் கேட்பதும் ஏறத்தாழ இதைத்தான்.

நம் பாதுகாப்புத் தளவாட ஏற்றுமதி 2013-14-இல் 686 கோடி ரூபாயாக இருந்தது. 2024-25-இல் 23,622 கோடி ரூபாயாக உயர்ந்திருக்கிறது. இது பெருமைக்குரிய வளர்ச்சி, நானும் மகிழ்கிறேன். மொத்தத் தொகையை அரசே முனைந்து அறிவிக்கிறது. பிலிப்பைன்சுக்கு பிரமோஸ் ஏவுகணை விற்ற செய்தி விழாவாகவே கொண்டாடப்பட்டது. ஆனால் எந்தெந்த நாடுகளுக்கு என்ன போகிறது என்று அவையில் கேட்டால், வியூகக் காரணங்களால் சொல்ல இயலாது என்ற பதில் வந்திருக்கிறது. நாம் பெருமைப்படும் விற்பனை வெளியே தெரிகிறது, மற்றவை தெரிவதில்லை. கோட்டை யார், எதை வைத்துக் கிழிக்கிறார்கள்?

கலங்கரை எழுதியது:

ஸ்காட் அறிக்கையைச் சுவடி அவர்கள் கொண்டுவந்தது நல்லது. ஆனால் அதிலிருந்து நான் பெறும் பாடம் வேறு. அங்கே உறுப்பினர்கள் கேள்வி கேட்கத்தான் செய்தார்கள், பதிலும் வந்தது, அந்தப் பதில் தவறானது. உண்மையைக் கேள்வி நேரம் வெளிக்கொணரவில்லை. குற்றவியல் நீதிமன்றம்தான் வெளிக்கொணர்ந்தது. அப்படியானால் கேள்வி என்ற கருவியின் மீது இவ்வளவு சுமையை ஏற்றுவதை விட, தணிக்கையையும் உரிமம் வழங்கும் சட்டத்தையும் குழுக்களின் அதிகாரத்தையும் வலுப்படுத்துவது மேலல்லவா? விதி 270 குறித்து நீங்கள் காட்டிய குறை உண்மை. அந்த விலக்கை நீக்கச் சொல்லுங்கள், நான் கையெழுத்திடுகிறேன்.

சுவடி எழுதியது:

அந்தக் கையெழுத்தை மகிழ்ச்சியோடு ஏற்கிறேன்.

ஆனால் அந்த நீதிமன்றத்தில் உண்மை வெளிப்பட்டபோது, அது ஏன் அரசையே அசைத்தது என்று எண்ணிப் பாருங்கள். இதற்கு மாறாக முன்பே அவையில் சொல்லப்பட்டு எழுத்தில் பதிந்த பதில்கள் இருந்தன. அவை இல்லாதிருந்தால், கொள்கை மாறியது, சூழ்நிலைக்கேற்ப மாற்றினோம் என்று சொல்லி அமைச்சர்கள் எளிதாகக் கடந்திருப்பார்கள். கேள்வி உண்மையை அன்றே கொண்டுவராமல் போகலாம், ஆனால் அமைச்சரை ஒரு வாக்கியத்தோடு கட்டிப்போடுகிறது. பின்னாளில் தணிக்கையாளரோ நீதிமன்றமோ வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க அந்த வாக்கியம் இருக்கிறது. நம் நாட்டிலும் 1957-இல் முந்த்ரா விவகாரம், அதாவது முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனப் பங்குகளில் அரசின் ஆயுள் காப்பீட்டுக் கழகம் பணம் முதலீடு செய்த விவகாரம், அவையில் எழுந்த கேள்விகளிலிருந்துதான் வளர்ந்தது. அமைச்சரின் பதில்களில் மனநிறைவு அடையாத உறுப்பினர் ஃபெரோஸ் காந்தி விடாமல் தொடர்ந்ததால் சாக்லா ஆணையம் அமைந்து, 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். ‘வெளியிட இயலாது’ என்ற பதிலின் தீமை இங்கேதான் இருக்கிறது. அது எந்த வாக்கியத்தோடும் எவரையும் கட்டுவதில்லை.

ஆகவே என் கோரிக்கையைச் சுருக்கிக்கொள்கிறேன். மறுக்கும் பதிலில், மறுப்பின் வகை என்ன என்று சொல்லப்பட வேண்டும்: படையின் திறன் சார்ந்ததா, வெளிநாட்டுடன் செய்த உடன்பாடு சார்ந்ததா, வணிக இரகசியமா, நடந்துகொண்டிருக்கும் பேச்சா. அதோடு, எப்போது மறுபரிசீலனை செய்யப்படும் என்ற காலமும் வேண்டும். அப்படிச் செய்தால் மறுப்பும் ஓர் உறுதிமொழியாகிவிடும், உறுதிமொழிகள் குழுவே அதைத் தொடரலாம். புதிய அமைப்பு எதுவும் தேவையில்லை.

பரிதி எழுதியது:

வகையைச் சொல்வதில் எனக்குத் தடையில்லை. காலத்தைச் சொல்வதில்தான் தயக்கம். பேச்சுவார்த்தை எப்போது முடியும் என்பது நம் கையில் மட்டும் இல்லை. ஒரு நாளைக் குறித்துவிட்டால், எதிர்த்தரப்பு அந்த நாள் வரை இழுத்தடிக்கும். நாளுக்குப் பதிலாக ஒரு நிகழ்வைக் குறிக்கலாம்: ஒப்பந்தம் கையெழுத்தானதும், அல்லது பேச்சு முறிந்ததும் என்று.

சுவடி எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன். என் சொல்லை விட உங்கள் சொல் சரியானது.

கலங்கரை எழுதியது:

வணிகத்துக்கு அது பொருந்தும். படைத் தளவாடங்களுக்குப் பொருந்துமா என்பதில் எனக்கு இன்னும் ஐயம் இருக்கிறது. ஒரு கருவி நாற்பது ஆண்டுகள் பணியில் இருக்கும். அது ஓய்வு பெறும் வரை சொல்ல மாட்டோம் என்பதும் ஒரு நிகழ்வுதான். ஆனால் அதைக் கேட்ட உறுப்பினர் அப்போது இருக்க மாட்டார். மறுப்பு நியாயமானதா என்று யார் பார்ப்பது? அவைத்தலைவரிடம் இரகசியக் கோப்பைக் காட்டச் சொன்னால், அவர் ஆளும் தரப்பின் துணையோடு தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்று அடுத்த விவாதம் கிளம்பும். பொதுக் கணக்குக் குழுவின் தலைவர் மரபாக எதிர்க்கட்சியைச் சேர்ந்தவர். அவர் ஒருவர் மட்டும் கோப்பைப் பார்த்து, மறுப்புப் பொருந்தும் அல்லது பொருந்தாது என்று ஒரே வரியில் அவைக்குத் தெரிவிக்கலாம் என்றால் நான் இணங்குவேன். அதற்கு மேல் நான் வர மாட்டேன்.

நூற்பாவை எழுதியது:

நான் இந்த விவாதத்தைப் பயன்படுத்திக்கொள்ள விரும்புகிறேன். ஆசியான் நாடுகளுடனான சரக்கு வணிக ஒப்பந்தம் 2010 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. அதை மறு ஆய்வு செய்ய இரு தரப்பும் ஒப்புக்கொண்டு பேச்சு நடக்கிறது. எங்கள் தொகுதி உறுப்பினரிடம் கொடுப்பதற்காக ஒரு கேள்வியை எழுதியிருக்கிறேன். பிழை இருந்தால் சொல்லுங்கள்.

‘(அ) ஆசியான் சரக்கு வணிக ஒப்பந்தத்தின் மறு ஆய்வு எந்த நிலையில் உள்ளது, (ஆ) இதனால் பருத்தி நூல், துணி உற்பத்தியாளர்களுக்கு ஏற்படக்கூடிய பாதிப்புகள் குறித்து அரசு கவனத்தில் கொண்டுள்ளதா, (இ) ஆமெனில், அதன் விவரங்கள் என்ன?’

மேசைக்குறிப்பு எழுதியது:

அம்மா, இந்தக் கேள்வி என் மேசைக்கு வந்திருந்தால் பத்து நிமிடங்களில் பதில் எழுதியிருப்பேன். ‘எந்த நிலையில்’ என்றால் ‘நடைபெற்று வருகிறது’. ‘கவனத்தில் கொண்டுள்ளதா’ என்றால் ‘உற்பத்தியாளர்களின் நலனை அரசு எப்போதும் கருத்தில் கொள்கிறது’. மூன்றையும் இணைத்து ஒரே பத்தி. உங்கள் கையில் எதுவும் மிஞ்சாது.

எண்ணும் நாளும் பெயரும் கேளுங்கள், கருத்தைக் கேட்காதீர்கள். ஒவ்வொரு பகுதியும் தனித்தனியான விடையைக் கோர வேண்டும், ஒன்றின் விடை மற்றொன்றுக்குப் பொருந்தக் கூடாது. 150 சொற்களைத் தாண்டக் கூடாது. சுவடியும் பரிதியும் உடன்பட்டதைக் கடைசிப் பகுதியாக வைத்துவிடுங்கள். இப்படி மாற்றிப் பார்க்கிறேன்:

‘(அ) ஆசியான் சரக்கு வணிக ஒப்பந்தத்தின் மறு ஆய்வுக்காக இதுவரை நடந்த பேச்சுச் சுற்றுகள் எத்தனை, அவை நடந்த நாள்கள் யாவை, (ஆ) பருத்தித் தொழில் சார்ந்த எந்தெந்த அமைப்புகளிடம் எந்தெந்த நாள்களில் கருத்துக் கேட்கப்பட்டது, (இ) சுங்க வரிப் பட்டியலில் பருத்திக்குரிய 52-ஆம் அத்தியாயத்தில் அடங்கும் பொருள்களில் எவையேனும் வரி மாற்றத்துக்காக முன்வைக்கப்பட்டுள்ளனவா, (ஈ) பகுதி (இ)-க்கு விடையளிக்க இயலாதெனில், அதற்கான காரணம் யாது, எந்த நிகழ்வுக்குப் பின் விடை அவையின் மேசையில் வைக்கப்படும்?’

(ஈ)-க்கு என்ன எழுதினாலும் அது உறுதிமொழிகள் குழுவின் பார்வைக்குப் போகும் வாய்ப்பு உண்டு. உறுப்பினர் இதை வணிக அமைச்சகத்தின் முறை வரும் நாளுக்கு, நட்சத்திரக் குறியோடு, பதினைந்து நாள் கணக்கில் ஒரு நாளும் குறையாமல் கொடுக்க வேண்டும். குலுக்கலில் வராவிட்டால் சோர்ந்துவிடாமல் அடுத்த கூட்டத்தொடரில் மீண்டும் கொடுக்கச் சொல்லுங்கள்.